மேடைச்சொல்லும் காவலர் நிலையும்

திருவள்ளுவர் சொல்வன்மை அதிகாரத்தை அமைச்சினை அடுத்து வைத்தார். நன்மையும் தீமையும் நாவினின்றே பிறத்தலின் சொல்லும் ஆட்சியின்பாற் பட்டதாயிற்று. இதனை அண்மைக்கால வரலாறு ஒன்றன்கண் ஆராய்வாம்.

1965ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியில் காவலர் துப்பாக்கிச் சூட்டாற் பலர் மாண்டனர். திருப்பூரிற் காவல் துணை ஆய்வாளர் இருவர் கூட்டத்தாரால் எரித்துக் கொல்லப்பட்டனர்.

மேடையில் 'அடக்குமுறை' என்பது அரசின் செயலைச் சுட்டும். தெருவிலோ அச்சொல் ஆகுபெயர்போல் இடம்பெயர்ந்து, எதிர்நிற்கும் காவலர்மேல் ஏறுகின்றது. அங்ஙனமே 'கலகக்கூட்டம்' என்னும் சொல் காவலர் கண்ணினின்று மாணவரை மறைக்கின்றது. இருபாலும் ஆள் மறையப் பெயரே எஞ்சுகின்றது. பழிச்சொற் சுமக்கும் காவலர்க்கு உயிரச்சத்தோடு ஊக்கக்குறைவும் நேரும். அஞ்சிய கை பொறுமை இழத்தலும் உண்டு.

காஞ்சிபுரத்திற் பிறந்த அறிஞர் அண்ணா 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்னும் மூன்றினைத் தம் இயக்கத்தார்க்கு நெறியாக்கினார். 1967இல் அவர் முதலமைச்சரானபோது, முன்னர் எதிர்நின்ற காவற்படையே அவரது அரசின் ஆணைக்கு உரியதாயிற்று. கடமை காவலர்க்கும் கட்டுப்பாடு தொண்டர்க்கும் எனப் பகுத்துக்கொள்ளினும், கண்ணியம் மேடையேறிப் பேசுவார்க்கே முதற்கண் உரியது என்பது எம் துணிபு.