ஆட்கள் மாறினார்கள், பாட்டு நின்றது: பினாங்கு அலிகேட்ஸின் கதை

புக்கிட் மெர்தாஜாமில் தமிழர் வீட்டுக் கல்யாண விருந்துகள் பலவற்றில், சாப்பாடு பாதி முடிந்த நேரத்தில் மேடையின் போக்கு மாறும். அதுவரை இளையராஜா, ரஹ்மான் என்று போய்க்கொண்டிருந்த பாடகர் ஒரு மலாய்ப் பாட்டைத் தொடங்குவார். மாப்பிள்ளையோடு வேலை பார்க்கும் மலாய் நண்பர்கள் மேசையில் தாளம் போடுவார்கள். பக்கத்து மேசைச் சீனர்களும் வாயசைப்பார்கள். பெண்ணின் பெரியப்பா முழுப் பாட்டையும் மனப்பாடமாகப் பாடுவார். அப்படி மூன்று இனத்தாரையும் ஒரே நேரத்தில் பாட வைக்கும் பாட்டு, பெரும்பாலும் அலிகேட்ஸ் பாட்டாகத்தான் இருக்கும்.

1960களின் இறுதியில் பினாங்கில் தொடங்கிய இசைக்குழு அது. டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற அண்ணன் தம்பி இருவர் அதன் முகமாக இருந்தார்கள். வாசித்தவர்கள் பலர் வந்தார்கள், போனார்கள். 2007-ல் லோகா என்று அழைக்கப்பட்ட லோகநாதனும் மறைந்தார். ஆனால் அலிகேட்ஸ் என்ற பெயர் மேடையை விட்டு இறங்கவில்லை. பாதி ஆட்கள் மாறிய பிறகும் ஒரு குழு அதே குழுதானா? அதன் பெயரும் பாட்டும் யாருக்குச் சொந்தம்? உலகத்தின் பெரிய ராக் குழுக்கள் எல்லாம் நீதிமன்றம் வரை போய்த் தேடிய பதில்களுக்கு நம் பினாங்கிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

எங்கிருந்து வந்தார்கள்?

1961-ல் பிரிட்டிஷ் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூரில் கச்சேரி நடத்தினார்கள். அதன் பிறகு மலாயா முழுக்க இளைஞர்கள் கிட்டார் வாங்கத் தொடங்கினார்கள். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ், ஒரு பாடகர் என்ற அமைப்பு ஊருக்கு ஊர் முளைத்தது. அந்தக் குழுக்களைக் ‘குகிரான்’ என்றும், அவர்கள் இசையை ‘பாப் யே யே’ என்றும் மலாயில் அழைத்தார்கள். பீட்டில்ஸ் அலை வந்ததும் அது இன்னும் பெருகியது.

பினாங்குக்கு இதில் தனி வசதி இருந்தது. துறைமுகம் வழியாக இசைத்தட்டுகள் வந்தன. பட்டர்வொர்த் விமானப்படைத் தளத்தில் ஆஸ்திரேலியர்கள் இருந்தார்கள். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கப் படைவீரர்கள் ஓய்வுக்கு வந்து போனார்கள். ஹோட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் பாடத் தெரிந்த குழுக்கள் தேவைப்பட்டன. தமிழ்ப் பையன், சீனப் பையன், யுரேசியப் பையன் என்று கலந்த குழுக்கள் அங்கே சாதாரணம். வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை, கடைத்தெருவில் இன்னொரு பாஷை பேசி வளர்ந்தவர்களுக்கு எந்தப் பாஷையில் பாடுவதும் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

ஆறுமுகம் சகோதரர்கள் இந்தச் சூழலில் வளர்ந்தவர்கள். அவர்கள் குழுவின் தொடக்கப் பெயர் ஃப்ரிக்‌ஷன்ஸ். பிறகுதான் அது அலிகேட்ஸ் ஆனது. 1969-ல் பினாங்கு தன் சுங்கவரி இல்லாத துறைமுக அந்தஸ்தை இழந்தது. வேலை தேடி இளைஞர்கள் வெளியூர் போன காலம் அது. அலிகேட்ஸ் ஹாங்காங் போனார்கள்.

அங்கே இரவு விடுதிகளில் வாசித்த அனுபவம்தான் அவர்களைச் செதுக்கியது. விடுதிக் குழு என்றால் ஒரே இரவில் மூன்று நான்கு செட் வாசிக்க வேண்டும். வந்திருப்பவர்கள் கேட்டதை உடனே பாட வேண்டும். சோல், டிஸ்கோ, காதல் மெட்டு என்று எதையும் மறுக்க முடியாது. வருடக்கணக்காக இப்படி வாசித்தவர்கள் ஒலிப்பதிவு அறைக்குள் போகும்போது தடுமாறுவதில்லை.

தமிழ்ச் சகோதரர்கள் ஏன் மலாயில் பாடினார்கள்?

பாலிகிராம் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்து மலாய்ப் பாடல்களைப் பதிவு செய்ய வைத்தது. 1970களின் இறுதியிலும் 1980களிலும் ‘ஹிங்கா அக்கிர் நந்தி’, ‘ஜிக்கா காவ் பெர்சிந்தா லாகி’, ‘செக்குந்தும் மாவார் மேரா, செபுவா புயிசி’, ‘செனியும்லா கோலாலம்பூர்’ என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்த பாடல்கள் நாடு முழுக்கப் பரவின. எம். நாசிர் போன்ற இசையமைப்பாளர்களும் அவர்களுக்காக மெட்டமைத்தார்கள். பெரிய சுருட்டை ஆஃப்ரோ முடியோடு டேவிட்டும் லோகாவும் நிற்கும் படம் ஒரு தலைமுறைக்கு மறக்காத படம்.

தமிழில் பாடியிருக்கலாமே என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அன்றைய சந்தையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். மலேசியத் தமிழர் வீடுகளில் ஓடிய கேசட்டுகள் சென்னையிலிருந்து வந்த சினிமாப் பாட்டுகள். எம்.எஸ். விஸ்வநாதனோடும் இளையராஜாவோடும் உள்ளூர்க் குழு ஒன்று போட்டி போட்டுப் பிழைக்க வழியில்லை. மலாயில் பாடினால் நாடு முழுக்க வானொலியும் தொலைக்காட்சியும் திறந்திருந்தன. உள்ளூர்த் தமிழ்ப் பாடல் தனக்கென்று ஒரு பெரிய வாசலைத் திறக்க ‘பொயட்டிக் அம்மோ’வும், அதன் தொடர்ச்சியாக வந்த ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’வின் 2006 ‘வல்லவன்’ ஆல்பமும் வரக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதனால் அலிகேட்ஸைத் தமிழை விட்டுப் போனவர்கள் என்று பார்ப்பது நியாயமில்லை. தோட்டத்திலும் ரயில்வேயிலும் உழைப்பவர்களாக மட்டுமே நம்மைப் பார்த்த ஒரு காலத்தில், ஆறுமுகம் என்ற பெயர் எல்லா இனத்தார் வீட்டு வரவேற்பறைக்கும் போனது. அது சிறிய வேலை இல்லை.

ஆள் மாறினால் என்ன ஆகும்?

நீண்டகாலம் வாழும் எந்தக் குழுவிலும் ஆட்கள் மாறுவார்கள். கல்யாணம் ஆகும், குழந்தை பிறக்கும், இரவு வேலை ஒத்துவராது, சம்பளத்தில் மனக்கசப்பு வரும், உடம்பு கெடும். அந்த இடத்துக்கு வருபவர் பழைய பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பாட்டைப் படிக்கிறார். நடுவில் வரும் கீபோர்டு துண்டு, பல்லவிக்குத் திரும்பும் முன் டிரம்ஸ் போடும் உருட்டு, இரண்டாம் குரல் சேரும் இடம் ஆகிய எல்லாம் கேட்பவர் காதில் ஏற்கெனவே பதிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று தவறினாலும் சபைக்குத் தெரிந்துவிடும். பாடகருக்கு வயதாக ஆக, பாட்டை ஒரு கட்டையோ அரைக் கட்டையோ இறக்கிப் பாடுவார்கள். கீபோர்டில் அது ஒரு பொத்தான் வேலை. கிட்டார்காரர் விரல் பிடிக்கும் இடம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். சபைக்கு முன்னால் அவர் சிரித்தபடி செய்யும் அந்த வேலைக்கு யாரும் கை தட்டுவதில்லை.

அலிகேட்ஸ் தொடங்கிய அதே காலத்தில், 1968-ல், இங்கிலாந்தில் உருவான குழு டீப் பர்ப்பிள். அதில் ஆட்கள் மாறிய வேகத்துக்கு ரசிகர்களே மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டார்கள். கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோர் 1975-ல் விலகினார், 1984-ல் திரும்பினார், 1993-ல் மறுபடி விலகினார். பாடகர் இயன் கில்லனும் போய்த் திரும்பினார். எல்லா அணிகளிலும் இருந்த ஒரே ஆள் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ்.

ஓர் உறுப்பினர் இறந்தபோது குழுக்கள் எடுத்த முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. 1980-ல் ஜான் பான்ஹம் இறந்ததும் லெட் செப்பலின் கலைந்தது. 1991-ல் ஃப்ரெடி மெர்குரி மறைந்த பிறகு குயின் குழுவின் பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் வேறு பாடகர்களோடு மேடை ஏறினார்கள். ஆனால் அந்தந்தப் புதிய பாடகரின் பெயரைக் குழுவின் பெயரோடு தனியாகச் சேர்த்தே அறிவித்தார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் 2021-ல் சார்லி வாட்ஸை இழந்த பிறகும் நிற்கவில்லை.

2007 ஜூன் மாதம் லோகா நுரையீரல் புற்றுநோயால் காலமானபோது அலிகேட்ஸ் முன்னும் இதே கேள்வி நின்றது. குழுவின் பாதிக் குரல் போய்விட்டது. டத்தோ டேவிட் ஆறுமுகம் தொடர்ந்து பாடுவது என்று முடிவெடுத்தார். தம்பியின் குரலோடு சேர்ந்து பாடிய பாட்டுகளை அவர் இல்லாமல் ஒவ்வொரு மேடையிலும் பாடுவது எத்தனை கடினம் என்பதை உடன்பிறந்தவரை இழந்த எவரும் உணர்வார்கள். அந்த முடிவால்தான் 2007-க்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளும் அந்தப் பாட்டுகளை நேரில் கேட்டிருக்கிறார்கள்.

பெயர் யாருக்குச் சொந்தம்?

குழு உடையும்போது சண்டை வருவது பெரும்பாலும் பெயருக்காகத்தான். இதற்குச் சட்ட மாணவர்கள் படிக்கும் வழக்கு ஒன்று இருக்கிறது. யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த சாக்சன் என்ற ஹெவி மெட்டல் குழுவிலிருந்து விலகிய இருவர், அந்தப் பெயரைத் தங்கள் வணிகச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். தொடர்ந்து அதே பெயரில் பாடிவந்த பிஃப் பைஃபர்ட் வழக்குப் போட்டார். 2003-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. குழு என்பது ஒரு கூட்டு வியாபாரம், பெயரும் அதன் நன்மதிப்பும் அந்தக் கூட்டுக்கு உரியவை, விலகிப் போகும் ஆள் தன் பங்காக அதைப் பிய்த்துக்கொண்டு போக முடியாது என்பதே அதன் சாரம்.

மலேசியாவிலும் குழுவின் பெயரை 2019 வணிகச் சின்னச் சட்டத்தின்கீழ், மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிவு செய்யலாம். நம் ஊரில் உறுமி மேளக் குழு முதல் கல்யாண பேண்டு வரை எத்தனையோ குழுக்கள் வாய்ப்பேச்சிலேயே நடக்கின்றன. பெயர் யாருடையது, விலகினால் என்ன கிடைக்கும், வாங்கிய ஒலிபெருக்கி யாருக்கு என்று ஒரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் நண்பர்கள் எதிரிகளாவதைத் தவிர்க்கலாம்.

பாட்டு யாருக்குச் சொந்தம்?

கேட்பவருக்கு அது அலிகேட்ஸ் பாட்டு. சட்டத்துக்கு அதில் மூன்று அடுக்கு உண்டு. மெட்டும் வரிகளும் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரியவை. 1987 பதிப்புரிமைச் சட்டப்படி அந்த உரிமை அவர்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும் இருக்கும். அவர்களுக்கான பணத்தை வசூலிக்கவே 1989-ல் எம்.ஏ.சி.பி. என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. இரண்டாவது, ஒலிப்பதிவு. அது பொதுவாகப் பதிவு செய்த நிறுவனத்துக்கு உரியது. வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 50 ஆண்டுகள் அந்த உரிமை நிலைக்கும். அந்தக் கணக்குப்படி 1980-ல் வெளியான ஒரு பதிவின் உரிமை 2030 முடிவோடு காலாவதியாகும். மூன்றாவது, பாடியவர்கள், வாசித்தவர்களின் உரிமை. அது 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நம் சட்டத்துக்குள் வந்தது.

இந்த மூன்றாவது அடுக்குதான் நம் கவனத்துக்கு உரியது. அலிகேட்ஸ் புகழின் உச்சத்தில் இருந்த காலத்தில், வாசித்தவருக்கு என்று தனிச் சட்டப் பாதுகாப்பு இந்த நாட்டில் இல்லை. ஒரு பதிவுக்கு இத்தனை என்று கையில் வாங்கிக்கொண்டு போனால், அதோடு கணக்கு முடிந்தது. பாட்டு நாற்பது வருடம் ஓடினாலும் அவர் பெயர் எங்கும் வராது. அன்றைய கேசட் உறைகளில் பாடகரின் படம் பெரிதாக இருக்கும். வாசித்தவர்களின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். பல உறைகளில் அதுவும் இருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

ஒரு குழு அதே குழுவாக இருக்க எல்லாரும் மாறாமல் இருக்க வேண்டியதில்லை. நடுவில் யாராவது ஒருவர் நிலைத்து நின்று பழைய பாட்டைப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். டீப் பர்ப்பிளில் அது இயன் பெய்ஸ், அலிகேட்ஸில் டேவிட் ஆறுமுகம். நின்றவருக்குப் பெயர் சேர்வது நியாயம். ஆனால் வந்து போனவர்களும் வரலாற்றில் இருக்க வேண்டும். டீப் பர்ப்பிளில் எந்த வருடம் யார் என்ன வாசித்தார் என்று பெரிய பட்டியலே உண்டு. பினாங்குக் குழுக்களுக்கு அப்படி ஒரு பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

தொடக்கம் ஏற்கெனவே நடந்திருக்கிறது. பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் 1930கள் முதல் 1960கள் வரையிலான பினாங்கின் ஜனரஞ்சக இசையைப் பற்றி 2015-ல் ஆங்கிலத்தில் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். மறு ஆண்டே கொம்தாரில் பினாங்கு இசை இல்லம் திறக்கப்பட்டது. அந்த நூல் நின்ற இடத்துக்குப் பின் வரும் 1970களும் 1980களும் தமிழ் இசைக்கலைஞர்கள் மிகுந்து உழைத்த காலம். அக்கரையில் ஜார்ஜ் டவுனுக்குக் கிடைத்த கவனம் இக்கரையில் புக்கிட் மெர்தாஜாமுக்கும் பட்டர்வொர்த்துக்கும் கிடைக்க வேண்டும். இங்கே பகலில் தோட்டத்திலும் ரயில்வேயிலும் வேலை பார்த்து, இரவில் மேடை ஏறியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஒரு காலத்தில் ஏதாவது பேண்டில் வாசித்தவராக இருந்தால், இந்த வாரமே அவரோடு உட்காருங்கள். எந்தக் குழு, எந்த வருடம், கூட வாசித்தவர்கள் யார், என்ன சம்பளம் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய படத்தின் பின்பக்கத்தில் நிற்பவர்களின் பெயரை எழுதுங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதை மாணவர்களுக்கு விடுமுறைப் பணியாகக் கொடுக்கலாம். 1970களில் இருபது வயதில் கிட்டார் பிடித்தவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டார்கள் அல்லது தாண்டிவிட்டார்கள். அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு எழுத நமக்கு இருக்கும் காலம் குறைவு.