கல் இருக்கு, ஆளைக் காணோம்!
சிகாகோவின் முதல் குடித்தனக்காரர் கதை

அமெரிக்காவில் மிசோரி மாநிலத்தில் செயின்ட் சார்லஸ் என்று ஓர் ஊர். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கிரானைட் கல் நிற்கிறது. 1968-ல் பக்கத்து மாநிலமான இல்லினாய்ஸ்காரர்கள் வந்து நட்டது.

2002-ல் ஆராய்ச்சியாளர்கள் அந்த இடத்தைத் தோண்டிப் பார்த்தார்கள். எலும்புத் துண்டுகூட கிடைக்கவில்லை!

கல்லில் உள்ள பெயர் ஜான் பாப்டிஸ்ட் டூசாபிள். விவேகானந்தர் 1893-ல் பேசினாரே, அந்த சிகாகோவில் முதன்முதலாக வீடு கட்டிக் குடியேறியவர் இவர். கறுப்பர். ஹெய்த்தி தீவுக்காரர் என்பார்கள்.

பொட்டவாடமி என்ற பூர்வகுடி மக்கள் அதற்கு முன்பே அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள். அந்த இனத்துப் பெண் கிட்டிஹாவாதான் டூசாபிளின் மனைவி. 1788-ல் பாதிரியார் முன்னால் முறைப்படி கல்யாணம் நடந்தது.

கைதியே மேனேஜர்!

அமெரிக்க சுதந்திரப் போர் நேரம். 1779-ல் ‘எதிரிகளின் ஆள்’ என்ற சந்தேகத்தில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் டூசாபிளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஆளின் படிப்பையும் நடத்தையையும் பார்த்த அதிகாரிகள், தங்கள் பக்கத்து எஸ்டேட் ஒன்றையே அவர் பொறுப்பில் விட்டுவிட்டார்கள்!

பிறகு சிகாகோ ஆற்று முகத்தில் வியாபாரம். 40 அடிக்கு 22 அடி வீடு, மாவு மில், ரொட்டி சுடும் கூடம், பால் பண்ணை, 30 மாடுகள், 44 கோழிகள். எல்லாம் 1800-ம் ஆண்டு விற்பனைப் பத்திரத்தில் இருக்கிறது. விலை 6,000 லிவர். வாங்கியவர் லாலிம். சாட்சிக் கையெழுத்து போட்டவர் ஜான் கின்சி.

இந்தப் பெயரைக் கவனியுங்கள்.

கத்திக்குத்து

1804-ல் அதே வீடு கின்சி கைக்கு வந்தது. 1812-ல் லாலிமுக்கும் கின்சிக்கும் தகராறு. கின்சி தோளில் குண்டு பாய்ந்தது. லாலிம் கத்தியால் குத்தப்பட்டுச் செத்தார். கின்சி தப்பி ஓடினார். ‘தற்காப்புக்காகச் செய்தது’ என்று விசாரணையில் விட்டுவிட்டார்கள். சிகாகோவின் முதல் கொலை இதுதான் என்று சொல்வார்கள்.

அந்தக் கின்சிக்குத்தான் ரொம்ப காலம் ‘சிகாகோவின் தந்தை’ பட்டம்! பத்திரம் எழுதி வீட்டை விற்றவர் பெயர் அமுங்கிப் போனது. அவர் 1818 ஆகஸ்ட் 28-ந்தேதி செயின்ட் சார்லசில் இறந்தார். அடக்கம் செய்த இடத்தில் 150 வருஷம் கல்கூட கிடையாது. நடுவில் கல்லறைத் தோட்டமே இடம் மாறிவிட்டது.

விடாமல் கேட்டவர்கள் சிகாகோ கறுப்பின மக்கள்தான். 1933 உலகப் பொருட்காட்சியில் அவர் குடிசை மாதிரியை வைக்கச் செய்தார்கள். 1976-ல் வீடு இருந்த இடம் தேசிய வரலாற்றுச் சின்னமானது. இன்றைக்கு அங்கே கடை, ஆபீஸ், ஜன நெரிசல். நடுவில் 2009-ல் வைத்த அவரது மார்பளவுச் சிலை.

2021-ல் ஏரிக்கரை நெடுஞ்சாலைக்கும் டூசாபிள் பெயர் வந்தது. நகரசபையில் சும்மா நடக்கவில்லை. ஆதரவு 33, எதிர்ப்பு 15!

கின்சி பெயரிலும் அங்கே ஒரு தெரு உண்டு. அதை யாரும் மாற்றவில்லை.