கடல் தின்றது போக மிச்சம்! தரங்கம்பாடிக்கு ஒரு நாள் போய் வரலாமா?

ஒரே ஒரு நாள் விடுமுறை. வீட்டில் பிள்ளைகள் "எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா" என்று நச்சரிக்கிறார்கள். கையிலோ பெரிய பணம் இல்லை. எங்கே போவது?

மயிலாடுதுறையில் இருந்து கிழக்கே சுமார் 30 கிலோ மீட்டர். அங்கே இருக்கிறது தரங்கம்பாடி.

"அங்கே என்ன சார் இருக்கு? ஒரு கோட்டை, ஒரு கடல். அவ்வளவுதானே" என்பார்கள் சிலர். அப்படிச் சொல்பவர்கள் பஸ் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்தவர்கள். இறங்கிப் பார்க்க வேண்டும். இறங்கி நடக்க வேண்டும். சின்ன ஊர்தான். கால் வலிக்கும் முன்பே சுற்றிவிடலாம். ஆனால் 700 வருஷக் கதை அந்தச் சின்ன ஊருக்குள் கிடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கதையில் பாதியைக் கடல் ஏற்கனவே விழுங்கிவிட்டது!

விடியும்போதே வந்துவிடுங்கள்

மயிலாடுதுறையில் இருந்து செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாகப் பஸ் வருகிறது. சென்னையில் இருந்து வருகிறவர்கள் புதுச்சேரி, சிதம்பரம், சீர்காழி வழியாக வரலாம். தெற்கே காரைக்கால் பக்கத்து ஊர்தான்.

முதல் வேலை, சூரிய உதயம். கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் தண்ணீருக்குள் இருந்தே எழுந்து வரும். கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்துவிட்டால் போதும். டிக்கெட் கிடையாது.

அடுத்து மீனவர் கரை. இரவில் கடலுக்குப் போன படகுகள் காலையில் திரும்பும். சங்கரா, நெத்திலி, மத்தி, கானாங்கெளுத்தி, நண்டு, இறால் என்று பருவத்துக்குத் தக்கபடி வலையில் வருவது கரையிலேயே ஏலம் போகும். பெண்கள் கூடையோடு நின்று விலை கேட்பார்கள். அந்த வேகத்துக்கு நம்ம ஊர் மொத்தக் கடைக்காரரே ஈடு கொடுக்க முடியாது!

வேடிக்கை பார்க்கலாம், வாங்கலாம். ஆனால் விரித்த வலையை மிதித்துக்கொண்டு போகாதீர்கள். அது அவர்களுடைய முதல்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீனுக்காகவே வருகிறவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது.

பொன்னில் எழுதிய கடிதம்

இனி கோட்டை. டென்மார்க் நாட்டுக்காரர்கள் கட்டியது. பெயர் டேன்ஸ்போர்க்.

1620-ம் ஆண்டு. டென்மார்க்கின் கப்பல்படைத் தளபதி ஓவே கெட்டே என்ற இளைஞர் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் வந்து நின்றார். மிளகு வேண்டும், வியாபாரம் செய்ய இடம் வேண்டும் என்றார். மன்னர் தரங்கம்பாடியைக் குத்தகைக்குக் கொடுத்தார். டென்மார்க் அரசருக்குப் பொன் ஏட்டில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். அந்தப் பொன்னோலை இன்றைக்கும் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது!

கோட்டையின் கீழ்த்தளத்தில் கிடங்குகள், காவல் அறைகள். மேல்தளத்தில் அதிகாரிகள் இருந்த அறைகள். இப்போது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பொறுப்பில் காட்சிக்கூடமாக இருக்கிறது. பழைய பீங்கான், வாள், ஈட்டி, சிலை, ஆவணம் எல்லாம் பார்க்கலாம். வாரத்தில் ஒரு நாள் காட்சிக்கூடத்துக்கு விடுமுறை உண்டு. புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டிவிட்டுத் திரும்பினால் பிள்ளைகள் சும்மா விடமாட்டார்கள்!

மேலே ஏறி மதில் ஓரம் நின்று கடலைப் பாருங்கள். இந்தக் கரையில்தான் கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன.

எழுத்துக்காக ஜெயிலுக்குப் போன ஊரா?

1706 ஜூலை 9-ந் தேதி ஒரு கப்பல் வந்தது. அதில் இருந்து இறங்கியவர்களில் ஒருவர் பார்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனிக்காரர். மறுநாள்தான் அவருக்கு 24 வயது நிறைந்தது.

சமயம் பரப்ப வந்தவர். ஆனால் தமிழ் தெரியாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று கண்டுகொண்டார். என்ன செய்தார் தெரியுமா? திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் படித்தார்!

அவருக்கும் டேனிஷ் கவர்னருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-ல் பிடித்து இதே கோட்டைக்குள் அடைத்துவிட்டார்கள். சுமார் நான்கு மாதம் சிறை. வெளியே வந்தும் மனுஷர் ஓயவில்லை.

ஐரோப்பாவில் இருந்து அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்து பெரிது பெரிதாக இருந்தது. காகிதமோ கொஞ்சம். ஆகவே இங்கேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளிலேயே அப்படி அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

காகிதத் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையே போட்டார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர் நின்றுவிட்டது.

மாலைப் பேப்பரைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு பஸ்சில் போகிறோமே, நாம் எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிட்டு வர வேண்டிய ஊர் இல்லையா இது?

ராஜவீதியில் ஒரு நடை

ஊருக்குள் நுழையும்போதே பழைய நகர வாசல் தென்படும். இப்போது நிற்பது 1792-ல் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜவீதி. வெள்ளையும் மஞ்சளுமாகத் தூண் வைத்த கட்டடங்கள். பழைய கவர்னர் பங்களா, பள்ளிக்கூடம், தேவாலயங்கள் எல்லாம் வரிசையாக வரும். பழைய கலெக்டர் பங்களா விடுதியாக மாறிவிட்டது.

சீயோன் தேவாலயம் 1701-ல் எழுந்தது. எதிரே புதிய எருசலேம் தேவாலயம், 1718-ல் கட்டி முடித்தது. அதற்குள்தான் சீகன்பால்க் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1719-ல் இறந்தார். வயது 36 தான்.

"புதிய" எருசலேம் என்கிறார்களே, பழையது எங்கே? 1707-ல் கட்டிய பழையதைக் கடல் கொண்டுபோய்விட்டது.

பாண்டியன் கோவிலும் அலையும்

கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோவில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ம் ஆண்டு வாக்கில் கட்டியது. அந்தக் காலத்துக் கல்வெட்டு இந்த ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது.

கட்டும்போது கோவிலுக்கும் கடலுக்கும் நல்ல தூரம் இருந்திருக்கும். தண்ணீருக்குப் பக்கத்தில் யாராவது கோவில் கட்டுவார்களா? கடல்தான் நடந்து வந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை அரித்தது. முன் மண்டபத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. பாறாங்கல்லைக் கொட்டி, அலையைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கல் மேல் ஏறிப் படம் எடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. வேண்டாம் ஐயா! பாசி பிடித்த கல் வழுக்கும். அலை சொல்லிவிட்டு வராது. கடலில் குளிக்க ஆசைப்பட்டால் உள்ளூர் மீனவரிடம் கேட்டுவிட்டு, முழங்கால் தண்ணீரோடு நில்லுங்கள்.

இந்த ஊர்க்காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒரு பேச்சு உண்டு. காற்று சுகமானதுதான், சந்தேகம் இல்லை. ஆனால் அது கடல்காற்றின் சுகம். ஓசோன் வானத்தில் உயரே இருந்தால் நமக்குப் பாதுகாப்பு. மூச்சுக்குள் போனால் நெஞ்சுக்கு ஆகாது. அதற்காக யாரும் பயணம் போக வேண்டாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பர் 26. அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை நேரம். சுனாமி அலை வந்தது.

தரங்கம்பாடிக் கரையில் நூற்றுக்கணக்கான உயிர்கள் போயின. படகு போனது, வலை போனது, வீடு போனது. பல பெற்றோர் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். கோட்டை நின்றது. கோட்டைக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்களின் குடிசைகள் நிற்கவில்லை.

பிறகு கடலை விட்டுத் தள்ளி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. ஆனால் பிழைப்பு கடலில்தானே? விடியும் முன்பே எழுந்து அதே கரைக்கு வருகிறார்கள். அதே கடலில் படகை இறக்குகிறார்கள்.

காலையில் நீங்கள் மீன் வாங்கிய அம்மாவும் அந்த நாளைக் கண்டவராக இருக்கலாம். ஊருக்குப் போகிறவர்கள் பேரம் பேசும்போது இதை ஒரு கணம் நினைத்துக்கொண்டால் போதும். பத்து ரூபாய்க்காக மல்லுக்கு நிற்கத் தோன்றாது.

ரெயில் போனது, வரவில்லை

ஊர் ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது? அதற்கும் காரணம் உண்டு.

1845-ல் டென்மார்க்காரர்கள் வங்காளத்தில் இருந்த ஸ்ரீராம்பூரையும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். கொஞ்ச காலம் மாவட்டத் தலைமையிடமாக இருந்தது. 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரெயில் வந்தது. சரக்கு அங்கே போயிற்று. தரங்கம்பாடித் துறைமுகம் தூங்கிப்போயிற்று.

1926-ல் மயிலாடுதுறையில் இருந்து இங்கேயும் ரெயில் விட்டார்கள். 60 வருஷம் ஓடியது. நஷ்டம் என்று சொல்லி 1986-ல் நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போனவர்கள், படிக்கப் போன பிள்ளைகள், மீன்கூடை கொண்டு போனவர்கள் எல்லாரும் பஸ்சுக்கு மாறினார்கள். மீண்டும் ரெயில் வேண்டும் என்பது இந்த வட்டாரத்து மக்களின் நீண்ட நாள் கோரிக்கை. 2020-ல் மயிலாடுதுறை தனி மாவட்டமே ஆகிவிட்டது. ரெயில்தான் இன்னும் வரவில்லை.

திரும்பும் வழியில்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பொழுது மிச்சம் இருக்கும். பக்கத்திலேயே தில்லையாடி. தென்ஆப்பிரிக்காவில் காந்தியுடன் போராட்டத்தில் இறங்கி, சிறை சென்று, 1914 பிப்ரவரி 22-ந் தேதி 16 வயதில் உயிர்விட்ட வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். காந்தியே 1915-ல் இந்தப் பக்கம் வந்து போயிருக்கிறார். அங்கே வள்ளியம்மைக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

அடுத்து திருக்கடையூர். அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதி. அறுபதாம் கல்யாணக் கூட்டத்தில் கொஞ்சம் இடிபட்டு, தரிசனம் முடித்து, ராத்திரி பஸ்சைப் பிடித்தால் மறுநாள் காலை வழக்கம்போல ஆபீஸ், கடை, கல்லா!

போகும்போது ஒரு பையைக் கூடவே எடுத்துப் போங்கள். சாப்பிட்ட பொட்டலத்தையும் பிளாஸ்டிக் பாட்டிலையும் அதில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். கோட்டைச் சுவரில் பெயரைக் கீறாதீர்கள். 400 வருஷமாகக் கடலைத் தாங்கிய சுவர் அது. நம்மையும் தாங்க வேண்டுமா?

கரை அரிப்பு நிற்கவில்லை. இன்று பார்ப்பது நம் பேரப்பிள்ளைகள் காலத்தில் இருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பாண்டியன் மண்டபத்தை நம்மில் யாரும் முழுசாகப் பார்த்ததில்லை. மிச்சத்தையாவது பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்!