ஒருநாள் மலரைப் படம் பிடித்தல்

கிழக்காசியாவைத் தாயகமாகக் கொண்டதும், சீனர்கள் அதன் மொட்டைப் பறித்து உலர்த்திச் சமையலில் சேர்ப்பதுமான டேலில்லி என்னும் செடியில், ஒரு தண்டில் எத்தனை மொட்டுகள் வைத்தாலும், ஒவ்வொரு பூவுக்கும் பிரமன் விதித்த ஆயுள் ஏறக்குறைய ஒரு பகல்தான். இந்த அற்பாயுள் புஷ்பத்துக்காக அமெரிக்காவில் 1946-ஆம் ஆண்டு ஒரு சங்கம் தோன்றி, அதன் கிளைகளாக ஊர்தோறும் சிறு மன்றங்கள் எழுந்து, இன்றளவில் இலட்சத்துக்கும் மேற்பட்ட ரகங்கள் பெயரிட்டுப் பதிவு செய்யப்பட்டிருக்கின்றன என்று கேட்டால், பூவை மாலையாகவும் அர்ச்சனையாகவுமே அறிந்த நம்மவர்களுக்குச் சற்று வியப்பாகவே இருக்கும்.

அந்த மன்றங்களின் காரியங்கள் எளியவை. தூரைப் பிரித்து அங்கத்தினர்கள் தமக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். மிஞ்சியதை ஏலம் போட்டு மன்றச் செலவுக்குப் பணம் சேர்ப்பார்கள். பூக்கும் பருவத்தில் ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர்கள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள். கண்காட்சி நாளன்று மட்டும் பரபரப்பு மிகுதி. விடியற்காலையில் எழுந்து, நேற்று மலர்ந்து வாடியதைத் தண்டிலிருந்து பக்குவமாகக் கிள்ளியெறிந்து, இன்று விரிந்தது கசங்காமல் நடுவர்முன் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். முதற்பரிசு பெற்ற பூவும் அந்தி சாய்வதற்குள் சுருங்கிவிடும் என்பதால், அதன் புகழுக்குச் சாட்சியாக எஞ்சுவது புகைப்படம் ஒன்றே. ஆகையால் அவர்களிடையே படம் பிடிக்கும் பழக்கம் ஒரு பொழுதுபோக்காக நில்லாமல், ரகங்களைப் பதிவு செய்யும் முறையிலேயே ஓர் அங்கமாகிவிட்டது.

இத்தகைய நேரக்கணக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதன்று. பெரியாழ்வார் நந்தவனம் அமைத்துப் புஷ்ப கைங்கரியம் செய்ததும், அந்நந்தவனத்துத் துளசியின் அடியில் ஆண்டாள் கண்டெடுக்கப்பட்டதும் இவ்வூரின் ஸ்தல வரலாறு. இன்றும் ஆண்டாளின் இடத்திருக்கரத்துக்கு நாள்தோறும் புதிதாக ஒரு கிளி செய்யப்படுகிறது. மாதுளம்பூவை அலகாகவும், பச்சிலைகளை உடலாகவும், மூங்கில் குச்சிகளைக் கால்களாகவும் அமைத்து அதைச் செய்து முடிக்க ஏறக்குறைய நாலரை மணி நேரம் ஆகிறது. புரட்டாசி பிரம்மோற்சவத்தின் கருட சேவைக்குத் திருப்பதிக்கும், சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு மதுரைக்கும் இங்கிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலை செல்கிறது. எந்தப் பூவை எந்நேரத்தில் பறித்தால் எவ்வளவு பொழுது தாங்கும், எதை மொட்டாகவே தொடுக்கவேண்டும் என்பதெல்லாம் பூக்கட்டுகிறவர்களுக்குக் கைப்பழக்கமாகவே வந்த சாஸ்திரம். படம் பிடிக்கப் புறப்படுகிறவர் விலையுயர்ந்த காமிராவுக்கு முன்னதாகத் தேடிக்கொள்ளவேண்டியது இந்த ஞானத்தைத்தான் என்பது என் அபிப்பிராயம்.

நேரம் தெரிந்த பிறகு வெளிச்சம். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலைத்தொடர் மதிலாக நிற்பதால், அடிவாரத்துத் தோட்டங்களில் பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமனத்துக்கு முன்பே நிழல் வந்து கவிந்துவிடும். அந்த நிழலில், வானம் மட்டும் வெளுத்திருக்கும் சிறிது பொழுது, பூவின் நிறத்தை உள்ளபடி காட்டும். காலையிலோ மறைப்பு ஏதுமின்றி வெயில் விரைவில் ஏறிவிடுகிறது. சூரியோதயத்தை ஒட்டிய நேரத்தைத் தவறவிட்டவர், வெயிலுக்கும் பூவுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைப் பிடிக்கவேண்டும். இதற்கென்று விற்கும் சாதனங்கள் உண்டு. ஆனால் இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணியை இரண்டாக மடித்துப் பிடித்தாலே கடும் நிழல்கள் கரைந்து இதழின் நரம்புகள் தெரியத் தொடங்கிவிடும்.

சிவப்பும் வெள்ளையும் காமிராவை இருவேறு விதமாக ஏமாற்றுகின்றன. நல்ல வெயிலில் செம்பருத்தியைச் செல்போனில் எடுத்தால், இதழ்களெல்லாம் ஒன்றாகக் குழம்பிச் சிவப்புச் சாயம் கொட்டினாற்போல் தோன்றுவதைப் பலரும் கண்டிருக்கலாம்; அங்கே திரையில் பூவின்மேல் விரலை வைத்து, வெளிச்ச அளவைச் சற்றே கீழே இழுத்தால் மடிப்புகள் திரும்பி வரும். நந்தியாவட்டைக்கோ இதற்கு நேர்மாறு: சட்டம் முழுதும் வெண்மையே நிரம்பியிருந்தால் காமிரா அதைக் குறைத்துச் சாம்பல் பூசிவிடும் என்பதால், அளவைச் சற்றே மேலே தள்ளவேண்டும். இந்த ஒன்றை அறிந்தவருக்குப் பாதி வித்தை கைவந்துவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நின்றபடியே குனிந்து பார்க்காமல், பூவின் உயரத்துக்கு நாம் இறங்கவேண்டும். மிக அருகில் நெருங்கும்போது ஒரு விரற்கடை தூரத்துக்குள்ளேயே தெளிவும் மங்கலும் மாறிவிடுவதால், செம்பருத்தியின் தண்டு நுனியில் பிரிந்து நிற்கும் ஐந்து சிறு குமிழ்களைத் தெளிவாக்குவதா, இதழைத் தெளிவாக்குவதா என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஆடிக் காற்றில் அடம்பிடிக்கும் கிளையோடு போராடுவதைவிட, அது ஓயும் கணத்துக்குக் காத்திருப்பதே லாபம். இதழ்மேல் தண்ணீர் தெளித்துப் பனித்துளி போலக் காட்டும் வழக்கம் ஒன்று பரவியிருக்கிறது. உச்சி வெயிலில் பனித்துளி எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவர் கேட்கமாட்டார் என்ற நம்பிக்கை அதற்கு ஆதாரம் போலும்.

நம் மாநில மலரான காந்தளை எடுக்க விரும்புகிறவர்கள் மழைக்காலத்தில் வேலிகளையும் புதர்களையும் பார்க்கவேண்டும். இது ஒருநாளில் வாடுவதன்று. மலரும்போது பசுமை கலந்த மஞ்சளாக இருந்து, நாளடைவில் நுனியிலிருந்து அடிவரை சிவந்துபோவதால், ஒரே பூவைத் தொடர்ந்து சில நாள் எடுத்து வரிசையாக வைத்தால்தான் அதன் சரித்திரம் விளங்கும். பூ தலைகவிழ்ந்து தொங்க, ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடிந்து, மகரந்தத் தாள்கள் பக்கவாட்டில் நீண்டு நிற்பதால், கீழிருந்து அண்ணாந்து எடுப்பதே முறை. கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. குழந்தைகளை அருகே விடலாகாது. ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போகிறவர்கள், அது நரை அணில்களுக்காக 1988-இல் சரணாலயமாகி, 2021-இல் புலிகள் காப்பகத்திலும் சேர்ந்த வனம் என்பதை நினைவிற்கொண்டு, வனத்துறையின் அனுமதி பெற்றே நுழையவேண்டும். பூப்பறித்தல் அங்கே குற்றம்.

டேலில்லி மன்றத்தாரிடம் கற்கவேண்டிய பழக்கம் இன்னொன்று உண்டு. அவர்களில் விவரமறிந்தவர்கள் தோட்டத்தில் நுழைந்ததும் முதலில் செடியருகே நட்டிருக்கும் பெயர்ப்பலகையையும், பிறகே பூவையும் எடுப்பார்கள். வீடு திரும்பிய பிறகு எது எந்த ரகம் என்ற தடுமாற்றம் இராது. நம் தோட்டங்களில் பலகை கிடையாது. ஆனால் நான்கைந்து ஆர்வலர்கள் சேர்ந்து, அரளி, நந்தியாவட்டை, செண்பகம், பவழமல்லி என்று ஒவ்வொன்றுக்கும் முழுச்செடி, இலை, மொட்டு, பூ ஆகிய நான்கு படங்களோடு, விரியும் மாதத்தையும் மணியையும் எழுதிவைத்தால் அதுவே ஒரு மன்றத்தின் தொடக்கம். தலைவர் தேர்தலும் சந்தாவும் பின்னால் வரட்டும். அந்த மணிக்கணக்கைச் சொல்லத் தெரிந்தவர்கள் விடியுமுன்பே கூடையோடு தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள் என்பதால், கேட்கப் போகிறவர்களும் அந்த நேரத்துக்கே எழுந்து போகவேண்டியிருக்கும்.