எடை கூடிற்றென்று அஞ்சலாமா?

கறம்பக்குடி வட்டாரத்து விவசாயிகள் ஈர நெல்லை நிறுத்து, கூடிய எடையை விளைச்சலென்று கணக்கெழுதுவதில்லை. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்கு 17 சதவீதமே வரம்பு என்பதையும் அவர்கள் அறிவர். தம் உடலை நிறுக்கும்போது மட்டும் நாம் இக்கணக்கை மறந்துவிடுகிறோம்.

டிராக்டர் வந்தபின் வயலில் உடலுழைப்புக் குறைந்தது. நீரிழிவு கிராமங்களிலும் பெருகிற்று. இது கருதி உணவைக் குறைத்துக்கொண்டு தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, பளு தூக்குதல் ஆகியவற்றைத் தொடங்குவோர் உளர். நன்று. ஆயினும் முதற் சில வாரங்களில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறுவதுண்டு. “அரை வயிறு உண்டும் பருக்கிறேனே” என்று மனமுடைந்து பயிற்சியைக் கைவிடுவோரும், இருக்கும் சோற்றையும் குறைத்துச் சோர்வோரும் உண்டு. இரண்டும் பிழை.

பழகாத பாரத்தால் தசைநார்களில் நுண்ணிய சிதைவுகள் உண்டாகும். அவற்றைச் செப்பனிடும்போது உடல் அவ்விடத்தில் நீரைத் தேக்குகிறது. மறுநாள் நாம் உணரும் தசைவலி இதனோடு சேர்ந்ததே. பயிற்சி பெற்ற தசை கிளைகோஜன் என்னும் மாவுப்பொருளையும் சேமிக்கும். அதன் ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ 3 கிராம் நீர் தங்கும். கொழுப்பு கரைவதை இந்நீர் சில வாரம் மறைத்துவிடுகிறது. ஒரு கிலோ கொழுப்புச் சேர ஏறத்தாழ 7,700 கலோரி மிகுதியாக வேண்டும். குறைத்து உண்பவருக்கு அது எங்கிருந்து வரும்?

நாள்தோறும் எடை பார்த்தல் வேண்டா. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். இடுப்பை நூலால் அளந்து முடிச்சிட்டு வைப்பது இன்னும் நல்ல சாட்சி. உடற்பயிற்சிக் கூடமுள்ள ஊராட்சிகளில் அங்கத்தினர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

எடையேற்றத்துடன் கால்வீக்கமோ மூச்சுத் திணறலோ கண்டாலும், பயிற்சிக்குப்பின் சிறுநீர் கறுத்தாலும், அது இக்கணக்கில் சேராது. அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்க.