பனி உடைத்த கடலடிக் கரை

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போகிறவர் கண்ணில் தண்ணீர் படாமல் போகலாம். கண்மாய்க் கரை படாமல் போகாது. மராமத்து வேலை தெரிந்தவர்கள் ஒன்றில் கண்டிப்பாக இருப்பார்கள். ஈரக் கரம்பைமேல் ஒரே மூச்சில் மண்ணைக் கொட்டக் கூடாது. ஒரு பரவல் போட்டு, மிதித்து இறுக்கி, காயவிட்ட பிறகே அடுத்தது. அவசரப்பட்டால், மேலே எவ்வளவு நல்ல சரளை போட்டாலும் அடிக்கரம்பை பிதுங்கிக் கரை அமுங்கிவிடும். பனியுகம் கடலடியில் செய்கிற வேலையும் இதுதான். அளவு மட்டும்தான் வேறு.

முதலில் கடல் இறங்குகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், வட ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தன. அவ்வளவு தண்ணீரும் கடலிலிருந்து போனதுதான். உலகம் முழுக்கக் கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்தது. பாக் நீரிணை ஆழமில்லாத கடல். அன்று அது தரை. இலங்கைக்கு நடந்தே போயிருக்கலாம். நம் குண்டாறு போய்ச் சேரும் மன்னார் வளைகுடாவின் கரையும் அப்போது இன்றைய கடலுக்குள் வெகுதூரம் தள்ளி இருந்தது. பனியையே பார்க்காத நாட்டிலும் ஆறுகள் வண்டலைக் கண்டத்திட்டின் விளிம்புவரை கொண்டுபோய்ச் சரிவின் தலையில் இறக்கின.

பனி மூடிய நாட்டில் வேலை இன்னும் முரட்டுத்தனமானது. தண்ணீர் மண்ணைத் தரம் பிரிக்கும்: கல் முன்னால் நின்றுவிடும், மணல் கொஞ்சம் தள்ளி, களி கடைசியில். பனிக்கட்டி எதையும் பிரிக்காது. மெதுவாக நகர்ந்தபடியே பாறையைச் சுரண்டி, ஆளுயரக் கல்லையும் மாவு போன்ற களியையும் ஒன்றாய் அள்ளி வருகிறது. கடலில் மிதந்துபோகும் பனிப்பாளம் உருகும்போது, உள்ளே இருந்த கல் நேரே கீழே விழுந்து சேற்றில் பதிகிறது. இந்தக் கலவையை இந்தியாவிலேயே பார்க்கலாம். ஒடிசாவின் தால்சேரில் சேற்றுப்பாறைக்குள் பெருங்கற்கள் புதைந்து கிடப்பதைப் பார்த்து, இது பனியின் வேலையாக இருக்கலாம் என்று பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் 1856-இல் எழுதினார்கள். வெயிலில் வேகும் நாட்டைப் பற்றி அப்படி எழுதத் துணிச்சல் வேண்டும். அவர்கள் சொன்னது சரியென்று பின்னால் உறுதியானது. சத்தீஸ்கரின் மனேந்திரகரில் அதே தால்சேர் அடுக்குகளில் கடற்சிப்பிகளும் கிடைக்கின்றன. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன், உருகும் பனியோடு கடல் அங்கே உள்ளே வந்திருக்கிறது.

இனி நார்வேக்குப் போக வேண்டும். சரிவு எப்படி உடைகிறது என்பதை அந்நாட்டுக் கரைக்கு அப்பால் கடலடியில் உள்ள ஸ்டோரெக்கா சரிவு அளவுக்கு விளக்கும் இடம் குறைவு.

பனி பின்வாங்கியிருந்த இதமான காலங்களில், கடல் நீரோட்டங்கள் அந்தச் சரிவில் மென்மையான களியைப் பரப்பின. இதுதான் நம் கரம்பை. பனி திரும்பி வந்ததும், திட்டின் விளிம்பில் நின்று தான் சுமந்துவந்த கல்லையும் மண்ணையும் களியின்மேல் கொட்டியது. களிக்குள் இருந்த நீர் வெளியேற அவகாசமில்லை. மேலிருந்த பாரத்தை மண்துகள்களுக்குப் பதிலாக நீரே தாங்கியது. துகள்களுக்கு இடையே பிடிப்பு தளர்ந்தது. சரிவு செங்குத்தாக இருந்தால்தான் மண் சரியும் என்று நினைக்கிறோம். இங்கே நூறடிக்கு இரண்டடிகூட இறங்காத சரிவுதான்.

பிறகு பனி உருகியது. சுமை நீங்கிய நிலம் மேலே எழும்பத் தொடங்கியது. ஸ்காண்டிநேவியா இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது. எழும்பும் பாறையில் நிலநடுக்கங்கள் வந்தன. சுமார் 8,150 ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு பெரிய நடுக்கம் சரிவை உடைத்திருக்க வேண்டும் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். முதலில் அடிப்பக்கம் நழுவியது. முட்டுக் கொடுத்தது போனதும் அதற்கு மேலிருந்தது, பிறகு அதற்கும் மேலே என்று உடைப்பு பின்னோக்கி ஏறியது. போன மண் ஆயிரம் கன கிலோமீட்டருக்கும் மேல். மேட்டூர் அணையின் கொள்ளளவு மூன்று கன கிலோமீட்டர்கூட இல்லை. எழுந்த ஆழிப்பேரலை ஸ்காட்லாந்து வரை மணலை வாரி இறைத்தது. நார்வேக் கரையில் அந்த மணலுக்கடியில் புதைந்த பாசி, பச்சை மாறாமல் கிடைத்தது. அதன் தளிர் வளர்ந்திருந்த அளவைப் பார்த்து, அலை வந்தது குளிர்காலத்துக்குச் சற்று முன் என்று கணித்தார்கள். இந்த ஆராய்ச்சியில் என்னை மிகவும் தொட்டது இதுதான்: ஊர் எல்லாம் குளிருக்குச் சேர்த்து வைத்திருந்த நேரம்.

1997-இல், இந்த உடைப்பு விட்டுப்போன தழும்புக்குள் ஓர்மன் லாங்கே எரிவாயு வயல் கண்டுபிடிக்கப்பட்டது. கை வைத்தால் சரிவு மறுபடி உடையுமா என்ற கேள்வி உடனே எழுந்தது. களி அடுக்குகளைத் துளைத்து, உள்ளிருக்கும் நீரழுத்தத்தை அளந்தார்கள். நழுவ வேண்டியது நழுவிவிட்டது, மிச்சம் நிலையாக நிற்கிறது என்று தெரிந்தது. 2007-இல் எரிவாயு எடுக்கத் தொடங்கினார்கள். அங்கே அதே அளவில் இன்னொரு உடைப்பு வர, களி மறுபடி படிய வேண்டும். அதன்மேல் மண் கொட்ட இன்னொரு பனியுகம் வர வேண்டும்.