விடுதலைப் பத்திரம்

கட்டைவிரல் விழவில்லை. தீப்பெட்டி ஆபீசில் இருபது வருசம் பெட்டி அடைத்த விரல், ரேகை தேய்ந்துபோயிருந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து அந்தம்மா கருவியில் வைத்தார். நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. பின்னால் நின்ற அண்ணன்கள் இருவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

கோவில்பட்டி வட்டாரத்துப் பத்திரப்பதிவு அலுவலகம் ஒன்றில் பார்த்தது இது. அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டில் தனக்குரிய பங்கை அண்ணன்களுக்கு எழுதிக் கொடுக்க வந்திருந்தார். பெண்கள் உரிமையைக் கைவிட்டு எழுதும் இந்தக் காகிதத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். பெரியார் நடத்திய நாளேட்டின் பெயரும் விடுதலைதான்.

“மனசாரத்தான் எழுதினீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“நெலத்தக் கேட்டா பொறந்த வீட்டு வாசல மிதிக்க முடியுமா தம்பி? எம்மவ கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோட யாரு வந்து நிப்பா?”

பெண்ணுக்கும் சொத்தில் சமபங்கு வேண்டும் என்று செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது 1929 பிப்ரவரியில். 1967இல் பெரியார் வழி வந்தவர்கள் கைக்கு ஆட்சி வந்ததும் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் செய்துவிட்டார்கள். மணவறைக்குக் கிடைத்த வேகம் வயக்காட்டுக்குக் கிடைக்கவில்லை. பூர்விகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்ற சட்டம் 1989இல்தான் வந்தது. அதிலும் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே கழுத்தை நீட்டியவர்களுக்குப் பங்கு கிடையாது. அந்த வாலை வெட்டியது 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம். அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, பிறப்பாலேயே மகளுக்கு உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பிரெஞ்சுப் புரட்சியும் 1790களில் மகள்களுக்குச் சமபங்கு கொடுத்தது. நார்மண்டியில் அக்கா தங்கைகள் உடன்பிறந்தான்கள் மேலேயே வழக்குப் போட்டார்கள். இங்கும் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் உண்டு. போனவள் அப்புறம் பொங்கல்படியை எதிர்பார்க்க முடியாது.

கரிசலில் களையெடுப்பதும் பருத்தி எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள்தான். பட்டா ஆம்பளை பேரில் இருக்கும். மழை பொய்த்தால் பயிர்க் காப்பீட்டுப் பணமும் பெரும்பாலும் பட்டாவைப் பார்த்துத்தான் வரும். முன்னெல்லாம் சும்மா கொடுத்தாலும் ஆள் வராத காடுகள்கூட, காற்றாலையும் சோலாரும் வந்தபின் விலை பேசப்படுகின்றன. அதனால்தான் தங்கச்சி வீட்டுக்கு அண்ணன்கள் அடிக்கடி பலகாரப் பையோடு போய்வருகிறார்கள் என்பது என் கணக்கு. 2025 ஏப்ரல் முதல் பத்து லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. வாங்குகிற வீட்டுக்கு அது உதவும். விட்டுக்கொடுக்கிற காட்டுக்கு என்ன செய்யும்?

அண்ணன்கள் பத்திர ரசீதை வாங்கிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார்கள். அந்தம்மா டவுன் பஸ்ஸுக்கு நின்றார். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் காசில்லை. அதற்கு எந்த அண்ணனும் சம்மதிக்க வேண்டியதுமில்லை. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை நாலாக மடித்துச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார்.